சமன்செய்யப்பட்ட பிழை: .22 துப்பாக்கிக் குழலின் வரலாறு பற்றிச் சில குறிப்புகள்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் 50 மீட்டர் படுத்துச் சுடும் துப்பாக்கிப் போட்டி முடிந்தபோது இந்தியாவின் ஜாய்தீப் கர்மாகர் 699.1 புள்ளிகளுடன் நான்காம் இடத்தில் இருந்தார். வெண்கலம் பெற்ற ஸ்லோவேனியாவின் ரைமண்ட் டெபெவெச் எடுத்தவை 701.0 புள்ளிகள். இடைவெளி 1.9.

இந்தப் புள்ளிக் கணக்கை நீளக் கணக்காக மாற்றிப் பார்ப்பது பயனுடையது. இலக்குத்தாளில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர். சுடப்படும் குண்டின் விட்டம் 5.6 மில்லிமீட்டர். குண்டின் ஓரம் வளையத்தைத் தொட்டாலே பத்துப் புள்ளி உண்டு. ஆகவே நடுப்புள்ளியிலிருந்து குண்டின் மையம் 8 மில்லிமீட்டர் விலகும் வரை பத்து கிடைக்கும். இறுதிச் சுற்றில் அந்த 8 மில்லிமீட்டரும் பத்துக் கூறாகப் பிரிக்கப்பட்டு, 10.9 முதல் 10.0 வரை மதிப்பிடப்படுகிறது. அதாவது, பத்தில் ஒரு புள்ளி என்பது 0.8 மில்லிமீட்டர், ஒரு முனை மழுங்கிய பென்சில் கோட்டின் தடிமன்.

இத்தகைய நுட்பத்தை நோக்கி ஒரு சிறிய துப்பாக்கி எவ்வாறு வந்து சேர்ந்தது என்பதே இப்பதிவின் பொருள். துல்லியம் என்றால் பிழைகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவது என்றே நாம் பொதுவாகக் கருதுகிறோம். .22 துப்பாக்கியின் வரலாறு அவ்வளவு நேர்கோடானது அன்று. அங்கே ஒரு பிழை இறுதிவரை நீங்கவே இல்லை. அதை வேறொரு பிழையால் சமன்செய்யக் கற்றுக்கொண்டார்கள். அக்கல்வி யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே.

1. விளிம்பில் இருக்கும் சிக்கல்

1845இல் பிரான்சில் லூயி நிக்கோலா ஃப்ளோபேர் என்பவர் சிறிய வெடிமூடி ஒன்றின் வாயில் ஈயக் குண்டைப் பொருத்தினார். அரங்கிற்குள் விளையாட்டாகச் சுடுவதற்கானது அது. 1857இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் இதே கருத்தை வளர்த்து, கருமருந்தும் சேர்த்து, .22 ஷார்ட் என்ற தோட்டாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் நிறுவனம் .22 லாங் ரைஃபிள் தோட்டாவை வெளியிட்டது. ஒலிம்பிக் களத்தில் இன்றும் சுடப்படுவது இந்த 1887ஆம் ஆண்டுத் தோட்டாவின் வழித்தோன்றலே.

இவ்வகைத் தோட்டாவை ரிம்ஃபயர் என்கிறோம். தோட்டாவின் அடியில் மடிக்கப்பட்ட விளிம்புக்குள் பற்றவைக்கும் மருந்து அடைக்கப்பட்டிருக்கும். துப்பாக்கியின் ஊசி அவ்விளிம்பை நசுக்கும்போது தீப்பற்றுகிறது. பெரிய துப்பாக்கிகளின் தோட்டாவில் பற்றவைப்பான் நடுவில் தனி மூடியாக இருப்பதால், சுட்டபின் மூடியை மாற்றி, வெடிமருந்தைத் தானே நிறுத்து, குண்டைத் தானே பொருத்தித் தோட்டாவை மறுபடி தயாரிக்கலாம். தன் துப்பாக்கிக்கு ஏற்ற அளவைச் சுடுபவர் தேடிக் கண்டடைவது அவ்வாறுதான். ரிம்ஃபயர் தோட்டாவில் இதற்கு வழியில்லை. விளிம்பு நசுங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது. ஆலை எதைத் தருகிறதோ அதுவே தோட்டா.

ஆலை தருவதும் முற்றிலும் ஒரே சீரானதாக இருக்க முடியாது. ஈரப் பதத்தில் சொட்டப்படும் பற்றவைப்பு மருந்து, தோட்டாவைச் சுழற்றும்போது விளிம்புக்குள் பரவுகிறது. அப்பரவல் ஒவ்வொன்றிலும் நூலிழை வேறுபடும். வெடிமருந்தின் மொத்த எடையே ஒரு கிராமில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். அதில் சிறு ஏற்றத்தாழ்வும் வேகத்தை மாற்றும். நல்ல போட்டித் தோட்டாப் பெட்டி ஒன்றில்கூட, ஐம்பது தோட்டாக்களுக்கிடையே வினாடிக்குப் பத்து மீட்டர் அளவு வேக வேறுபாடு தென்படுவது வியப்பன்று.

இதன் விளைவை எளிதில் கணக்கிடலாம். வினாடிக்குச் சுமார் 320 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டு 50 மீட்டரைக் கடப்பதற்குள் புவியீர்ப்பால் ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் தாழ்கிறது. வேகம் பத்து மீட்டர் குறைந்தால் மேலும் 7 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தாழும். கண்ணும் கையும் மூச்சும் பிசகாமல் நடுப்புள்ளியைக் குறிவைத்துச் சுட்ட ஒருவரின் 10.9 இவ்வாறு 10.0 ஆகிவிடலாம். பிழை அவருடையது அன்று; பெட்டிக்குள் இருந்தது.

2. ஒரே ஆண்டு, இரு செய்திகள்

.22 லாங் ரைஃபிள் தோட்டா வெளிவந்த அதே 1887இன் டிசம்பரில், சென்னையில் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் இந்திய தேசிய காங்கிரஸின் மூன்றாம் மாநாடு நடந்தது. அதன் தீர்மானங்களுள் ஒன்று, 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தைத் திருத்தக் கோரியது. அச்சட்டப்படி இந்தியர் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வேண்டும். ஐரோப்பியருக்கோ விதிவிலக்கு உண்டு. இவ்விரு நிகழ்வுகளும் ஒரே ஆண்டில் நேர்ந்தது தற்செயலே. எனினும் .22 துப்பாக்கியின் இந்திய வரலாற்றை எழுதுபவர் இரண்டையும் அருகருகே வைக்காமல் இருக்க முடியாது.

காரணம், அடுத்த இருபது ஆண்டுகளில் இத்துப்பாக்கி பிரிட்டனில் ஒரு மக்கள் இயக்கமாயிற்று. போயர் போரில் (1899–1902) குடியானவப் படையினரின் குறி தப்பாத சுடுதலால் பிரிட்டன் அதிர்ந்தது. நகரத்துத் தொழிலாளிக்கும் சுடக் கற்பிக்க வேண்டும் என்ற குரல் எழுந்தது. பெரிய துப்பாக்கிக்கு நீண்ட வெளியும் மிகுந்த செலவும் தேவை. .22 துப்பாக்கிக்கு ஒரு கூடமும் சில காசுகளும் போதும். ‘மினியேச்சர் ரைஃபிள்’ சங்கங்கள் ஊர்தோறும் தோன்றின. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் சிறுகுழல் துப்பாக்கிக்கெனத் தனிப் போட்டிகளே நடந்தன.

இவ்வியக்கத்தின் பெரும் புரவலர் ராபர்ட்ஸ் பிரபு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாகவும், பின் 1893 வரை இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாகவும் இருந்தவர் அவரே. தென்னிந்தியர் போர்க்குணம் அற்றவர் என்ற கருத்தை உறுதியாக முன்வைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். படைக்கு ஆளெடுப்பது வடமேற்குக்கு நகர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது. பிரிட்டனின் ஆலைத் தொழிலாளிக்குப் பயிற்சி போதும் என்று நம்பியவர், சென்னைச் சிப்பாய்க்குக் குறை பிறவியிலேயே இருப்பதாகக் கண்டார். சுடும் திறன் பயிற்சியால் வருவதா, இனத்தால் வருவதா என்ற கேள்விக்கு ஒரே மனிதர் இரு நாடுகளில் இரு விடைகள் வைத்திருந்தார்.

3. அதிரும் குழல்

இதே காலத்தில் வேறு சிலர் சுடுபவரை விட்டுவிட்டுத் துப்பாக்கிக் குழலையே ஆராயத் தொடங்கினர்.

வெடிமருந்து எரிந்து குண்டு நகரத் தொடங்கியதும் குழல் அசைவற்று இருப்பதில்லை. ஒரு முனையில் பற்றிப் பிடிக்கப்பட்டு மறுமுனை விடுபட்டிருக்கும் எந்த எஃகுத் தண்டையும் போல அதுவும் அதிர்கிறது. ஜெர்மனியில் கார்ல் கிரான்ஸ், கே.ஆர். கோக் ஆகியோர் நூற்றாண்டின் திருப்பத்தில் இவ்வதிர்வை ஒளிப்படக் கருவியால் பதிவு செய்தனர். இங்கிலாந்தில் ஆர்னல்ஃப் மாலக் 1901இல் துப்பாக்கிக் குழல்களின் அதிர்வு பற்றிய தம் கட்டுரையை ராயல் சொசைட்டியின் இதழில் வெளியிட்டார். ஒலியியலின் அடிப்படை நூலை எழுதிய ராலே பிரபுவுக்கு உதவியாளராக இருந்தவர் மாலக் என்பது இங்கே பொருளுடையது. துப்பாக்கிக் குழலும் இசைக் கருவியின் தண்டும் அவருக்கு ஒரே கணிதத்தின் இரு எடுத்துக்காட்டுகள்.

அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் மான் என்ற மருத்துவர் பல்லாண்டுக் காலம் தம் சொந்தச் செலவில் சோதனைகள் நடத்தி, 1909இல் நூலாக வெளியிட்டார். குண்டுகள் ஏன் ஒரே துளையில் விழுவதில்லை என்பதே அவர் கேள்வி. மனிதக் கையின் நடுக்கத்தை விலக்கக் கனமான தாங்கி ஒன்றில் குழலைக் கிடத்திச் சுட்டார். குண்டின் மூக்கைச் சிதைத்தால் பெரிய கேடு வருவதில்லை, அடிப்பகுதியில் சிறு குறை நேர்ந்தாலும் குண்டு வழி தவறுகிறது என்று காட்டினார். குண்டு குழலை விட்டு நீங்கும் கடைசிக் கணத்தில் வாயு அதன் அடியைச் சமமாகத் தள்ள வேண்டும். குழல்முனையின் விளிம்பைப் போட்டித் துப்பாக்கிக் கம்மியர்கள் இன்றும் கண்ணும் கருத்துமாகப் பேணுவதன் காரணம் இதுவே.

இவற்றுள் எதிர்பாராத பாடத்தைத் தந்தது பிரிட்டிஷ் படையின் லீ-என்ஃபீல்டு துப்பாக்கி. அதன் பூட்டு, தோட்டாவுக்குப் பின்புறத்தில் அமைந்தது. ஆகவே சுடும்போது துப்பாக்கியின் உடல் சற்று வளைந்து, குழல் மேலும் கீழுமாக மிகுதியாக அசையும். குறைபாடு என்றே இதைச் சொல்ல வேண்டும். ஆயினும் 900, 1000 கெஜத் தொலைவில், உறுதியான பூட்டுடைய துப்பாக்கிகளைவிட இதுவே குண்டுகளை நெருக்கமாக இட்டது.

விளக்கம் இதுதான். வேகம் குறைந்த குண்டு குழலுக்குள் சற்றுக் கூடுதல் நேரம் தங்குகிறது. அந்நேரத்தில் குழல்முனை மேல்நோக்கி அசைந்துகொண்டிருந்தால், பிந்தி வெளியேறும் மெதுவான குண்டு சற்று உயர்ந்த கோணத்தில் கிளம்புகிறது. வழியில் அது கூடுதலாகத் தாழும். கிளம்பும்போதே கூடுதலாக உயர்ந்திருந்ததால் இரண்டும் ஈடாகிவிடும். வேகமான குண்டும் மெதுவான குண்டும் வெவ்வேறு பாதைகளில் சென்று ஒரே உயரத்தில் இலக்கை அடைகின்றன. தோட்டாவின் சீரின்மை ஒரு பிழை. குழலின் அசைவு இன்னொரு பிழை. ஒன்றின் அளவுக்கு மற்றொன்று பொருந்திவிட்டால் தாளில் எதுவும் தெரிவதில்லை.

கல்கத்தாவுக்கு அருகே இச்சாப்பூர் ஆலையில் இதே லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகள் இந்தியத் தொழிலாளர் கைகளால் உருவாயின. அவற்றைக் கடைந்து பொருத்தியவர் ஒன்றைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள நினைத்தால், 1878ஆம் ஆண்டுச் சட்டம் குறுக்கே நின்றது.

4. சுருதி சேர்த்தல்

.22 துப்பாக்கியைப் போட்டிக்குச் செம்மைப்படுத்தும் பணி இருபதாம் நூற்றாண்டு முழுவதும் இரு வழிகளில் நடந்தது.

முதல் வழி, மாறுபாட்டைக் குறைப்பது. அமெரிக்காவில் 1919இல் அறிமுகமான வின்செஸ்டர் 52, உல்ம் நகரில் மறுபிறவி எடுத்த அன்ஷூட்ஸ் நிறுவனத்தின் 54 வகைப் பூட்டு ஆகியவை இவ்வழியின் மைல்கற்கள். குழலும் பூட்டும் மரக்கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அமர வேண்டும்; அவற்றைப் பிணைக்கும் திருகுகள் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும்; விசை ஒரே எடையில் விடுபட வேண்டும்; ஊசி விளிம்பை ஒரே வலுவோடு தாக்க வேண்டும். இவை செம்மையானபோது சுடுபவரின் குறையையும் துப்பாக்கியின் குறையையும் பிரித்தறிய முடிந்தது. எஞ்சியது தோட்டாவின் குறை.

இரண்டாம் வழி, எஞ்சிய மாறுபாட்டோடு இணங்கிப் போவது. இதில் இரண்டு உத்திகள் உண்டு. ஒன்று, லாட் தேர்வு. ஒரே நாளில், ஒரே எந்திர அமைப்பில், ஒரே மருந்துக் கலவையில் உருவான தோட்டாத் தொகுதியை லாட் என்பர். ஒரு குழலுக்குப் பொருந்தும் லாட் இன்னொரு குழலுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே போட்டியாளர் தம் துப்பாக்கியோடு ஆலைக்கே செல்கிறார். குழலைத் தாங்கியில் இறுக்கிப் பல லாட்களையும் 50 மீட்டரில் சுட்டுப் பார்த்து, சிறந்ததை ஆயிரக்கணக்கில் வாங்கி வருகிறார். பிரிட்டனில் எலே, ஜெர்மனியின் ஷோனபெக்கில் லாபுவா ஆகியவற்றின் சோதனைக்கூடங்கள் இதற்காகவே இயங்குகின்றன.

மற்றொன்று, குழல்முனையில் நகர்த்தக்கூடிய எடையைப் பூட்டுவது. இதை டியூனர் என்பர். 1990களில் பிரவுனிங் நிறுவனம் பெரிய துப்பாக்கிகளுக்கு இத்தகைய கருவியைக் கடைகளில் விற்றது. தாங்கியில் வைத்துச் சுடும் .22 போட்டியாளர்களிடையே இது மிக விரிவாகப் பரவியது. எடையைத் திருகி முன்னோ பின்னோ நகர்த்தினால் குழல் அதிரும் வேகம் மாறுகிறது. குண்டு வெளியேறும் கணம் அதிர்வின் ஏறுமுகத்தில், வேண்டிய சரிவில் விழும்வரை நகர்த்துவதே பணி. ஒவ்வொரு நிலையிலும் சில குண்டுகளைச் சுட்டு, தாளில் மேல்கீழ்ச் சிதறல் எங்கே சுருங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். தேவைப்படும் கோண வேறுபாடோ ஒரு டிகிரியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்பணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல் இசையிலிருந்து வந்தது. மொழியியல் மாணவன் என்ற முறையில் இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று யோசித்தபோது ‘சீரமைத்தல்’, ‘செம்மையாக்கல்’ போன்றவை எனக்கு நிறைவளிக்கவில்லை. அவை பிழைநீக்கத்தைக் குறிப்பன. ‘சுருதி சேர்த்தல்’ என்பதே பொருத்தம். மிருதங்கத்தின் இடந்தலையில் கச்சேரிக்கு முன் ரவையைக் குழைத்து அப்புவார்கள். தோலின் எடை கூடுவதால் அதிர்வின் வேகம் தாழ்ந்து, வேண்டிய நாதம் வருகிறது. குழல்முனையில் பூட்டும் எடை செய்வதும் அதே வேலை. இரண்டிலும் அதிர்வு ஒடுக்கப்படுவதில்லை. வேண்டிய இடத்திற்கு அழைத்து வரப்படுகிறது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 50 மீட்டருக்குச் சேர்த்த சுருதி 100 மீட்டருக்குச் சேராது. குண்டு தாழும் அளவு மாறுவதால் ஈடும் மாறவேண்டும்.

5. உரிமமும் தோட்டாவும்

விடுதலைக்குப் பின் 1951இல் இந்தியத் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தோன்றியது. மக்களவையின் முதல் தலைவரான ஜி.வி. மாவ்லங்கர் அதற்கும் முதல் தலைவர். அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் ஹரிஹர் பானர்ஜி .22 துப்பாக்கியுடன் இந்தியாவுக்காகச் சுட்டார். என்.சி.சி. மாணவர் பலருக்கு வாழ்வில் கைப்பட்ட ஒரே துப்பாக்கி .22தான். ஆகவே இத்துப்பாக்கி இந்நாட்டுக்கு அந்நியமாக இருந்ததில்லை.

அந்நியமாக இருந்தது சுருதி சேர்க்கும் வசதி. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இனப்பாகுபாட்டை நீக்கியது. உரிமத் தேவையை நீக்கவில்லை. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. ஆனால் போட்டித் துப்பாக்கியும் தோட்டாவும் வெளிநாட்டிலிருந்து, அனுமதியோடு, வரம்போடு வந்த நிலையில், பத்து லாட்களைச் சுட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்வது பெரும்பாலோருக்கு எட்டாத ஆடம்பரம். வந்து சேர்ந்த தோட்டாவையே சுட வேண்டும். அது தன் குழலோடு பொருந்தாவிட்டால், 10.0 விழும்போது பிழை தன் மூச்சிலா, தோட்டாவிலா என்று அறியவே வழியில்லை. தன் பிழையை அறிய முடியாதவர் அதைத் திருத்தவும் முடியாது.

குறைந்த விசையுள்ள காற்றுத் துப்பாக்கி ஆயுத உரிமத்தின் பிடிக்குள் வருவதில்லை. ரைஃபிள் பிரிவுகளில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கங்கள், 2008இல் அபினவ் பிந்த்ராவின் தங்கமும் 2012இல் ககன் நாரங்கின் வெண்கலமும், பத்து மீட்டர் காற்றுத் துப்பாக்கியில் வந்தன. .22 பிரிவில் 2010 மியூனிக் உலகப் போட்டியில் தேஜஸ்வினி சாவந்த் தங்கம் வென்றார். ஒலிம்பிக்கிலோ 2024 ஆகஸ்டில் பாரிஸில் ஸ்வப்னில் குசாலே 451.4 புள்ளிகளுடன் வெண்கலம் பெறும்வரை .22 ரைஃபிளில் பதக்கம் இல்லை. ஹெல்சிங்கியிலிருந்து கணக்கிட்டால் 72 ஆண்டுகள்.

இந்த 72 ஆண்டுகளுக்கும் தோட்டாவே காரணம் என்று நான் வாதிடவில்லை. பயிற்சியாளர், களம், பணம், ஓய்வு என்று காரணங்கள் பல. கர்மாகரின் 1.9 புள்ளியையும் எந்த ஒரு காரணத்தின் கணக்கிலும் எழுத முடியாது. நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: விளையாட்டு வரலாற்றை எழுதும்போது திறமை, மனஉறுதி ஆகியவற்றைப் பற்றி நிறையப் பேசுகிறோம். ஒருவரின் திறமை தாளில் தெரிவதற்கு முன் அகற்றப்பட வேண்டிய, அல்லது ஈடுசெய்யப்பட வேண்டிய பிழைகள் எவை, அவற்றை ஈடுசெய்யும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்று கேட்பதில்லை. ராபர்ட்ஸ் பிரபுவும் அதைக் கேட்கவில்லை. தாளில் விழுந்த துளையை மட்டும் பார்த்துச் சுட்டவரின் இயல்பைத் தீர்மானித்தார்.

முன்னணி வீரர்களுக்கு இன்று அரசு நிதியுதவி கிடைக்கிறது; லாட் தேர்வுக்கு ஐரோப்பா சென்றுவர அவர்களால் முடிகிறது. மாவட்ட அளவில் சுடத் தொடங்கும் ஒரு மாணவிக்கு அது இன்னும் தொலைவு. ஆனால் டியூனர் என்பது ஓர் எஃகு வளையமும் ஒரு திருகும்தான். நம்மூர்க் கடைசல் பட்டறையில் செய்யக்கூடியது. ஒரு சுடுகளத்தில், உரிமம் பெற்ற சங்கத்தின் கண்காணிப்பில், ஒரு தாங்கியும் ஒரு வேகமானியும் பொதுவில் இருந்தால், வந்து சேர்ந்த தோட்டாவுக்கே குழலைச் சுருதி சேர்க்கலாம். விளையாட்டு அறிவியல், இயந்திரவியல் துறைகளில் ஆய்வுத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் இதைக் கருதிப் பார்க்கலாம். கணக்கு 1901லேயே வெளிவந்துவிட்டது.